போர்வையைப் பிசையும் பூனை

கேள்வி: எங்கள் பூனைக்கு 3 வயதாகிறது. இரவில் நான் படுத்ததும் போர்வையின் மேல் ஏறி, கண்களைப் பாதி மூடிக்கொண்டு, முன்னங்கால்களால் மாவு பிசைவதைப் போல மாறி மாறி அழுத்துகிறது. சில நேரம் கம்பளியின் நுனியை வாயில் வைத்துச் சப்பவும் செய்கிறது. இது ஏதேனும் நோயின் அறிகுறியா?

மறுமொழி 1: கவலை வேண்டாம். பால் குடிக்கும் குட்டிகள் தாயின் மடியை இப்படித்தான் அழுத்திப் பால் சுரக்கச் செய்யும். வளர்ந்த பின்னும், மனம் நிம்மதியாக இருக்கும் வேளையில் அந்தப் பழக்கம் திரும்பி வருகிறது. பாதங்களில் வாசனைச் சுரப்பிகள் இருப்பதால், உங்கள் போர்வையில் அது தன் மணத்தையும் பதித்துவிடுகிறது.

மறுமொழி 2: எங்கள் பூனை மடியில் ஏறிப் பிசையும்போது நகங்கள் தொடையில் இறங்கும். ஒருமுறை வலி தாங்காமல் சட்டெனத் தள்ளிவிட்டேன்; அன்று முழுவதும் அது கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது, இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இப்போது தடித்த துண்டு ஒன்றை மடியில் விரித்துக்கொள்கிறேன். நகத்தின் உள்ளே தெரியும் இளஞ்சிவப்புப் பகுதியைத் தொடாமல் கூரிய நுனியை மட்டும் வெட்டிவிடுகிறேன்.

மறுமொழி 3: சப்புவது பரவாயில்லை. ஆனால் நூலைக் கடித்து விழுங்கினால் அது குடலில் சிக்கிக்கொள்ளக்கூடும். அப்படி நேர்ந்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேட்டவர்: இப்போதே எடுத்துப் பார்த்தேன். நூல் எதுவும் பிரியவில்லை, நுனி ஈரமாக மட்டுமே இருக்கிறது. அனைவருக்கும் நன்றி.