கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் தெரிய வேண்டும், வில்லங்கத்தில் எதுவும் வரவில்லை – அவசர உதவி

மன்னைப்பையன்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆன்லைனில் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், பெரியப்பா வாங்கிய மனை மட்டும்தான் வருகிறது. பழைய உயில் ஒன்று எழுதிப் பதிந்ததாக அத்தை உறுதியாகச் சொல்கிறார். அது ஏன் வில்லங்கத்தில் வரவில்லை? யாரிடம் போய்க் கேட்பது? ஊருக்கு வந்திருக்கிறேன், வார இறுதியில் கிளம்ப வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

காவிரிக்கரை:
எந்த ஊர், எந்தத் தாலுகா? அப்பா வழியா, அம்மா வழியா? கொள்ளுத்தாத்தா எந்த வருஷத்து ஆள்? வில்லங்கத்தை எந்த வருஷத்திலிருந்து போட்டீர்கள்?

நெல்லைச்சீமை:
நிலம் இன்னும் குடும்பத்தில் இருக்கிறதா, விற்றாகிவிட்டதா? சர்வே எண் தெரியுமா? பட்டா யார் பெயரில் இருக்கிறது?

ஓய்வுபெற்றஆர்ஐ:
தம்பி, இப்படி ஊர் பெயர்கூட இல்லாமல் கேட்டால் யாராலும் உதவ முடியாது. முப்பது வருஷம் வருவாய்த் துறையில் இருந்தவன் சொல்கிறேன். வில்லங்கச் சான்று என்பது பதிவு அலுவலகத்தில் வைக்கும் முதலாம் புத்தகம் என்ற பதிவேட்டின் சாரம், அவ்வளவுதான். கிரையம், அடமானம், பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட் போன்ற சொத்துப் பத்திரங்கள் அதில் ஏறும். உயில் ஏறுவது மூன்றாம் புத்தகத்தில். அதனால் நீங்கள் எத்தனை வருஷத்துக்கு வில்லங்கம் போட்டாலும் உயில் அதில் வரப்போவதில்லை. இதெல்லாம் பதிவுச் சட்டத்தைப் புரட்டினாலே தெரிகிற விஷயம். படித்துவிட்டுக் கேளுங்கள்.

செப்பேட்டுநேசன்:
வில்லங்கம், உயில் எல்லாம் அப்புறம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இனாம், அதாவது மானிய நிலப் பதிவேடு இருக்கிறது, அங்கே போங்கள். 1858-இல் இனாம் கமிஷன் உட்கார்ந்து, ஒவ்வொரு மானியத்தையும் யாருக்கு எப்போது யார் கொடுத்தார்கள், இப்போது யார் அனுபவிக்கிறார்கள் என்று விசாரித்து எழுதி வைத்தது. மூன்று தலைமுறை ஒரே பக்கத்தில் கிடைக்கும். எங்கள் குடும்பத்துக்கு அப்படித்தான் கிடைத்தது.

ஓய்வுபெற்றஆர்ஐ:
இனாம் நிலமாக இருந்தால் கிடைக்கும். உழவர் சர்க்காருக்கு நேராக வரி கட்டும் சாதாரண ரயத்துவாரி நிலம் என்றால் அந்தப் பதிவேட்டில் ஒரு வரிகூட இருக்காது. எல்லோரையும் எழும்பூருக்கு ரயிலேற்றி விடாதீர்கள்.

பினாங்குப்பேரன்:
எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஒரு தலைமுறை மட்டும் காகிதத்தில் காணாமல் போனால், அவர் கப்பல் ஏறியிருக்கக்கூடும். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் போனார்கள். என் பாட்டனாரும் அப்படிப் போனவர்தான். ஊரில் அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

மன்னைப்பையன்:
மன்னார்குடிப் பக்கம், அப்பா வழி. கொள்ளுத்தாத்தா 1890 வாக்கில் பிறந்தவர், 1961-இல் காலமானார். நிலம் கொஞ்சம் இன்னும் இருக்கிறது. வில்லங்கம் 1975-லிருந்து போட்டேன், அதற்கு முன்னால் போக முடியவில்லை. பழைய செட்டில்மெண்ட் (சர்க்கார் நிலவரி நிர்ணயம்) பதிவேட்டு நகல் ஒன்று பெரியப்பாவிடம் இருக்கிறது. அதில் பட்டாதாராகக் கொள்ளுத்தாத்தா பெயர்தான் இருக்கிறது. அப்பா பெயருக்கான இடம் கிழிந்திருக்கிறது. யாரும் கப்பல் ஏறியதாகக் கேள்விப்பட்டதில்லை.

காவிரிக்கரை:
இப்போது பேசலாம். 1975-க்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையால் தேட வைக்க வேண்டும். அங்கே பெயர்வாரி அட்டவணை தனி, ஊர்வாரி அட்டவணை தனி. உங்களுக்கு இரண்டும் வேண்டும். இன்னொன்று, நீங்கள் இன்று திருவாரூர் மாவட்டம். 1991-இல் நாகப்பட்டினமும் 1997-இல் திருவாரூரும் பிரிவதற்கு முன்னால் எல்லாம் தஞ்சாவூர் ஜில்லாதான். பழைய காகிதம் தேடும்போது அந்தப் பெயரில் தேடுங்கள். உங்கள் கிராமம் அந்தக் காலத்தில் எந்தச் சார்பதிவகத்தின் எல்லையில் இருந்தது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லைகள் நடுவில் மாறியிருக்கலாம்.

வக்கீல்குமாஸ்தா:
உயிலை நம்பி உட்காராதீர்கள். அந்தக் காலத்து இந்துக் கூட்டுக் குடும்பத்தில் பூர்வீகச் சொத்து பிள்ளைகளுக்குப் பிறப்பாலேயே போய்விடும். உயில் எழுத வேண்டிய அவசியமே பலருக்கு இல்லை. யாராவது எழுதியிருந்தால் சுயமாகச் சம்பாதித்த சொத்துக்காக இருக்கும், அல்லது வீட்டில் ஏதோ சிக்கல் இருந்திருக்கும். நீங்கள் தேட வேண்டியது பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பி, செத்துப்போன அண்ணனின் பிள்ளை, யாருக்கு எத்தனை பங்கு என்று வரிசையாக வந்துவிடும். அதுவும் இல்லையென்றால் முன்சீப் கோர்ட்டில் பாக வழக்கு. பிராதோடு வம்சாவளி இணைத்திருப்பார்கள்.

அலமேலுபேத்தி:
பாகப்பிரிவினையில் ஆண்கள் மட்டும்தான் வரிசையாக வருவார்கள், அதையும் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் பெண்ணுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு வந்தது 1989-இல். அதற்கு முந்தைய பத்திரங்களில் மகள்கள் இருந்ததற்கே அடையாளம் இருக்காது. நான் என் பாட்டியின் அம்மாவைக் கண்டுபிடித்தது மஞ்சள் காணியாக, அதாவது மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த ஒரு துண்டு நிலத்தின் பத்திரத்தில். பிள்ளையில்லாத விதவைகள் எழுதிய பத்திரங்களையும் பாருங்கள். கணவர் பெயர், மாமனார் பெயர், சில சமயம் பிறந்த ஊர் வரைக்கும் இருக்கும்.

வக்கீல்குமாஸ்தா:
அம்மா, அவர் கேட்பது ஆண் வழி. ஏற்கெனவே குழம்பியிருக்கிறார்.

அலமேலுபேத்தி:
ஆண் வழியில் ஒருவர் பெயர் தொலைந்துபோனால் அவருடைய மனைவி மூலமாகத்தான் பல சமயம் கிடைக்கிறது. அதனால்தான் சொன்னேன்.

மன்னைப்பையன்:
பெரியப்பா ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்தார். மேலே ராணி தலை அச்சடித்த முத்திரைத்தாள், மடிப்பில் கிழிந்திருக்கிறது. படம் ஏற்ற முடியவில்லை, அப்படியே தட்டுகிறேன். முதல் வரி: ‘௲௮௱௭௰௬ ௵’. பிறகு ‘தாது ௵ ஆனி ௴’ என்று இருக்கிறது. நடுவில் ‘நஞ்சை 5 மா 40 குழி’ என்றும் ஒரு பைமாஷ் (பழைய நில அளவை) எண்ணும். எழுதிக்கொடுத்தவர் பெயர் எங்கள் கொள்ளுத்தாத்தா பெயர்தான்! அவருடைய தகப்பனார் பெயரும் இருக்கிறது. அப்படியானால் கேட்ட பெயர் கிடைத்துவிட்டதா?

காவிரிக்கரை:
நிதானம். ௲ ஆயிரம், ௮௱ எண்ணூறு, ௭௰ எழுபது, ௬ ஆறு. ௵ வருஷம், ௴ மாதம். ஆக 1876. தாது வருஷமும் 1876 சித்திரையில்தான் பிறந்தது, இரண்டும் ஒத்துப்போகின்றன. வெறும் ‘தாது’ என்று மட்டும் இருந்திருந்தால் அறுபது வருஷம் முன்னே பின்னே, 1816-ஆ 1936-ஆ என்று தடுமாறியிருப்போம்.

இப்போது கணக்குப் பாருங்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா 1890-இல் பிறந்தவர் என்கிறீர்கள். 1876-இல் பத்திரம் எழுதிக்கொடுத்தவர் அவராக இருக்க முடியாது.

ஓய்வுபெற்றஆர்ஐ:
இதைத்தான் நான் முதலிலேயே எதிர்பார்த்தேன். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம். பத்திரத்தில் இருப்பவர் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் தாத்தா. செட்டில்மெண்ட் பதிவேட்டில் இருப்பவரும் அவரே. தஞ்சாவூர் ஜில்லாவில் சர்வே முடிந்து செட்டில்மெண்ட் வந்தது 1890-களில்தான். அப்போது உங்கள் கொள்ளுத்தாத்தா தொட்டிலில் இருந்திருப்பார், பட்டாதாராக எப்படி இருப்பார்? ஆக உங்களிடம் இருப்பது தாத்தா, அவருடைய அப்பா. நடுவில் இருக்கும் ஆள்தான் கிடைக்கவில்லை. பெயர் ஒத்துப்போனதும் கொடிவழியை எழுதிவிடுகிறார்கள், வயதைப் பார்ப்பதில்லை.

பசலி (வருவாய்க் கணக்கு வருஷம்) என்று எங்காவது போட்டிருந்தால் 590 கூட்டிக்கொள்ளுங்கள். பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை.

செப்பேட்டுநேசன்:
தாது வருஷம் என்றதும் எனக்குச் சுரீர் என்றது. தாது வருஷப் பஞ்சம்! நடு ஆள் அந்தப் பஞ்சத்தில் போயிருப்பார்.

காவிரிக்கரை:
1876-77 பஞ்சத்தில் போயிருந்தால் 1890-இல் அவருக்குப் பிள்ளை பிறந்திருக்க முடியாதே. தஞ்சை டெல்டாவில் காவிரிப் பாசனம் இருந்ததால் சேலம், பல்லாரி அளவுக்கு அந்தப் பஞ்சம் கடித்ததும் இல்லை.

பினாங்குப்பேரன்:
அப்படியானால் கப்பல்தான். பதிவேட்டில் தாத்தா இருக்கிறார், மகன் இல்லை. நான் சொன்னதை யோசித்துப் பாருங்கள்.

நெல்லைச்சீமை:
5 மா 40 குழி என்பது இன்றைக்கு எவ்வளவு? அந்த நிலம்தான் இப்போது இருப்பதா என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

காவிரிக்கரை:
குழிக்கு 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. 5 மா 40 குழி 77,760 சதுர அடி. ஏறத்தாழ 1 ஏக்கர் 78 சென்ட்.

நெல்லைச்சீமை:
குழி எல்லா ஊரிலும் 144 சதுர அடி இல்லை ஐயா. கோலின் நீளம் மாறினால் குழியும் மாறும். சோழர் கல்வெட்டுகளிலேயே பதினாறு சாண் கோல், பன்னிரண்டடிக் கோல், பதினெட்டடிக் கோல் என்று வகை வகையாக வருகிறது. எங்கள் பக்கம் குழிக் கணக்கே வேறு.

காவிரிக்கரை:
கல்வெட்டுக் காலத்தையும் 1876-ஐயும் ஒன்றாக்க வேண்டாம். நான் சொன்னது பன்னிரண்டடிக் கோல் கணக்கு. தஞ்சாவூரில் மூன்று மா ஒரு ஏக்கர் என்று இன்றைக்கும் வயலில் நின்று பேசுகிறார்கள்.

நெல்லைச்சீமை:
இன்றைக்குப் பேசுவதை வைத்து அன்றைய அளவை முடிவுகட்டக் கூடாது என்பதுதான் நான் சொல்வது.

செப்பேட்டுநேசன்:
கோல் விஷயத்தில் நெல்லை சொல்வதே சரி. கோயில் சுவரில் கோல் அளவை வெட்டி வைத்திருக்கும் ஊர்களே இருக்கின்றன.

ஓய்வுபெற்றஆர்ஐ:
கோலை இரண்டு பேரும் கீழே வையுங்கள். செட்டில்மெண்ட் பதிவேட்டில் பழைய பைமாஷ் எண்ணுக்கு ஒரு பத்தி உண்டு. பத்திரத்தில் உள்ள எண்ணை அதில் தேடினால் எதிரே சர்வே எண்ணும் ஏக்கர் கணக்கில் பரப்பும் இருக்கும். குழி எத்தனை சதுர அடி என்று தானே தெரிந்துவிடும்.

மன்னைப்பையன் தம்பி, உங்களுக்கு இதுதான் வேலை. உங்கள் அத்தை சொல்லும் உயில் இந்தப் பெரியவர் எழுதியதாக இருக்கலாம். மூன்றாம் புத்தகமும் அதன் அட்டவணையும் பதிவு அலுவலகத்தில் இருக்கும். முதலாம் புத்தகத்தைப் போல அதை நீங்களே புரட்ட முடியாது, அலுவலர்தான் தேடித் தருவார். உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரைத் தவிர யாருக்கும் நகல் கிடையாது. இறந்த பிறகு யார் விண்ணப்பித்தாலும் கொடுக்க வேண்டும், பதிவுச் சட்டம் 57-ஆம் பிரிவு. கவுண்டரில் ‘வாரிசு இல்லை’ என்று திருப்பி அனுப்பப் பார்த்தால் அந்தப் பிரிவை எழுதியே மனுக் கொடுங்கள். எந்தப் பெயரில் தேடுவது? கொள்ளுத்தாத்தா பெயர்தான், ஆனால் 1890-லிருந்து 1910 வரை.

வக்கீல்குமாஸ்தா:
உயிலைப் பதிவது கட்டாயமில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பதியாமல் பெட்டியிலேயே இருந்த உயில்கள் ஏராளம். சென்னை நகர எல்லைக்குள் எழுதியதாக இருந்தால் ஹைகோர்ட்டில் புரொபேட் (உயில் செல்லும் என்ற கோர்ட் சான்று) வாங்கியிருப்பார்கள், அங்கே தேடலாம். மன்னார்குடியில் அந்தக் கட்டாயமும் கிடையாது. நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரையங்களும் பதிவாகாமல் போயிருக்கும். அதனால் முதலாம் புத்தகத்தில் ஓரிரு வருஷம் வெறுமையாக இருந்தால் கைவிட்டுவிடாதீர்கள்.

அலமேலுபேத்தி:
அத்தை அந்த உயிலைப் பற்றி யாரிடமிருந்து கேட்டாராம்? அவருடைய பாட்டி சொன்னதா? அதை முதலில் கேளுங்கள். உயில் யாருக்காக எழுதப்பட்டது என்பது வீட்டுப் பெண்களுக்குத்தான் நினைவிருக்கும்.

காவிரிக்கரை:
மன்னைப்பையன், இருக்கிறீர்களா? பைமாஷ் எண்ணைப் போடுங்கள், பார்க்கலாம்.

பினாங்குப்பேரன்:
நானும் காத்திருக்கிறேன்.

மன்னைப்பையன்:
மூன்றாம் புத்தகத்தில் இருந்தது. 1898. பெரியவரின் மூத்த மகன் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். ‘காலஞ்சென்ற என் ஜேஷ்ட புத்திரன்’ என்று பெயரோடு எழுதியிருக்கிறது. சுயார்ஜித (சுயமாகச் சம்பாதித்த) நிலத்தை மைனர் பேரனுக்கு எழுதி, மருமகளைக் கார்டியனாக வைத்திருக்கிறார். பேரன்தான் எங்கள் கொள்ளுத்தாத்தா. நடு ஆள் பெயரில் பட்டாவே ஏறாததற்குக் காரணம் இதுதான். ஆர்ஐ ஐயாவுக்கும் எல்லோருக்கும் நன்றி. பஸ்ஸில் இருக்கிறேன், பிறகு எழுதுகிறேன்.

அலமேலுபேத்தி:
நல்ல செய்தி. மருமகள் பெயருக்குப் பக்கத்தில் ‘இன்ன ஊர் இன்னார் குமாரத்தி’ என்று இருக்கிறதா? இருந்தால் உங்களுக்கு இன்னொரு குடும்பமே திறக்கிறது.

ஓய்வுபெற்றஆர்ஐ:
சாட்சி போட்டவர்களின் பெயர், தகப்பனார் பெயர், ஊர் மூன்றையும் தனியாகக் குறித்து வையுங்கள் தம்பி. அவர்களில் பங்காளி ஒருவர் இருக்க வாய்ப்பு அதிகம். 1876 பத்திரத்தில் இருக்கும் தகப்பனார் பெயரை அந்தச் சாட்சிகளின் தகப்பனார் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு அந்தச் சாட்சி பெயரில் முதலாம் புத்தக அட்டவணையைத் தேடுங்கள்.

அலமேலுபேத்தி:
மன்னைப்பையன்? அந்த அம்மாள் பெயரையாவது சொல்லிவிட்டுப் போங்கள்.