ரோமானியப் பேரரசியர் நாணயங்கள்: ஆளுக்கு ஒன்றாகச் சேர்ப்பதா, ஒருவரிடமே நின்று பார்ப்பதா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ரோமானிய நாணயங்களில் பேரரசர் குடும்பத்துப் பெண்களின் உருவம் தாங்கியவற்றை மட்டும் சேர்ப்பது என்று ஓராண்டுக்கு முன் முடிவு செய்தேன். வரலாற்று நூல்கள் மனைவி, தாய், மகள் என்று ஒரே வரியில் கடந்துபோகும் ஒருவரின் முகத்தையும் பெயரையும், அவருடைய காலத்திலேயே அடிக்கப்பட்ட ஓர் உலோகத் துண்டில் பார்க்க முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இப்போது என்னிடம் மூன்று நாணயங்கள் உள்ளன. முதலாவது, ஃபாஸ்டினா என்ற பெயர் கொண்ட வெள்ளி டெனாரியஸ். இரண்டாவது, செப்டிமியஸ் செவெரஸின் மனைவி ஜூலியா டொம்னாவின் டெனாரியஸ். மூன்றாவது, கல்லியேனஸின் மனைவி சலோனினாவின் அன்டோனினியானஸ் (டெனாரியஸுக்குப் பின் வந்த நாணய வகை). இதில் ஃபாஸ்டினாவைப் பற்றித்தான் முதல் ஐயம். தாய்க்கும் மகளுக்கும் ஒரே பெயர் என்பதால், இது யாருடையது என்று என்னால் உறுதி செய்ய முடியவில்லை. பெயருக்கு முன்னால் 'டிவா' என்ற சொல் தேய்ந்த நிலையில் தெரிகிறது. கூந்தல் பின்னப்பட்டு உச்சந்தலையில் சுருட்டி வைக்கப்பட்டுள்ளது. பின்புறத்தில் நிற்கும் பெண்ணுருவத்தைச் சுற்றி 'ஏட்டெர்னிடாஸ்' என்று படிக்கிறேன்.

இரண்டாவது கேள்வி, இனி எந்த வழியில் போவது என்பது. அகஸ்டஸின் மனைவி லிவியாவில் தொடங்கி ஒவ்வொருவருக்கும் ஒரு நாணயம் என்று வரிசையாகச் சேர்க்க எண்ணியிருந்தேன். அது நடக்கக்கூடியதா? போலிகளைப் பற்றிய அச்சமும் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

வணக்கம் நண்பரே. உங்கள் ஃபாஸ்டினா தாய்தான். அன்டோனினஸ் பயஸின் மனைவி. நீங்கள் குறிப்பிட்ட மூன்று அடையாளங்களும் அவரையே காட்டுகின்றன. பின்னிய கூந்தலை உச்சியில் சுருட்டி முடிந்திருப்பது தாயின் வழக்கம். மகள் பெரும்பாலும் அலையலையாக வாரிய கூந்தலைப் பின்னந்தலையில் கொண்டையாக முடிந்திருப்பார். 'டிவா' என்பது இறந்தபின் தெய்வமாக அறிவிக்கப்பட்டவரைக் குறிக்கும் சொல். மகளும் பின்னாளில் 'டிவா' ஆனவர்தான் என்றாலும், அந்நாணயங்களில் 'பியா' என்ற அடைமொழி வழக்கமாகச் சேர்ந்து வரும். 'ஏட்டெர்னிடாஸ்', அதாவது நிலைபேறு, தாயின் நினைவு நாணயங்களில் திரும்பத் திரும்ப வரும் சொல்.

கி.பி. 138-இல் அரியணை ஏறிய அன்டோனினஸ், சில ஆண்டுகளிலேயே மனைவியை இழந்தார். அதன்பின் 161-இல் தாம் இறக்கும் வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், அவர் பெயரில் பொன்னிலும் வெள்ளியிலும் செம்புக் கலவையிலும் நாணயங்களை வெளியிட்டுக்கொண்டே இருந்தார். இறந்த பேரரசி ஒருவருக்கு இத்தனை மிகுதியாக நாணயம் அடிக்கப்பட்டது அதற்கு முன் நடந்ததில்லை. அவருக்காக எழுப்பப்பட்ட கோயில் ரோமின் பழைய மன்றத்தில் இன்றும் நிற்கிறது. அந்தக் கோயிலின் முகப்பைக் காட்டும் நாணயங்களும் உண்டு. உங்கள் கையில் இருப்பது எளிதில் கிடைக்கும் வகை என்று யாராவது சொன்னால், அதைக் குறையாக எண்ண வேண்டாம். அது எளிதில் கிடைப்பதற்கான காரணமே அதன் வரலாறு.

ஆளுக்கு ஒன்று என்ற திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். 193-இல் 66 நாட்கள் மட்டுமே ஆண்ட டிடியஸ் ஜூலியானஸின் மனைவி மான்லியா ஸ்கான்டில்லா, மகள் டிடியா கிளாரா, எலகபாலஸின் மனைவியருள் ஒருவரான அன்னியா ஃபாஸ்டினா, எமிலியானஸின் மனைவி கொர்னேலியா சுபேரா ஆகியோரின் நாணயங்கள் மிக அரியவை. பட்டியலை முடிக்க வேண்டும் என்ற ஆவல் பிடித்தால், நல்ல நாணயத்தை விட்டுவிட்டு, பெயர் மட்டும் தெரியும் சிதைந்த துண்டை வாங்கும் நிலைக்கு வந்துவிடுவோம். நானும் அப்படிச் சில ஆண்டுகளைக் கழித்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அதற்கு மாறாக, ஜூலியா டொம்னாவிடம் சற்று நில்லுங்கள். சிரியாவின் எமெசா நகரில் பிறந்து 193-இல் அகஸ்டா, அதாவது பேரரசி என்ற பட்டம் பெற்றவர் அவர். அவருடைய நாணயங்களில் முன்புற வாசகம் மூன்று வடிவங்களில் வருகிறது. தொடக்கத்தில் 'ஜூலியா டொம்னா' என்ற முழுப் பெயரும் அகஸ்டா என்பதன் சுருக்கமான 'ஏ, வி, ஜி' என்ற எழுத்துகளும் இருக்கும். 196 அளவில் 'டொம்னா' மறைந்து 'ஜூலியா அகஸ்டா' என்று மட்டும் நிற்கும். 211-இல் கணவர் இறந்து மகன் கரகல்லா ஆளத் தொடங்கியதும் 'ஜூலியா பியா ஃபெலிக்ஸ்' என்று விரியும். இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், புதிதாக அரியணை ஏறியவரின் மனைவி, நிலைபெற்ற வம்சத்தின் தலைவி, ஆளும் பேரரசரின் தாய் என்று ஒரே பெண்ணின் மூன்று நிலைகள் தெரியும். 215-இல் கரகல்லா அறிமுகப்படுத்திய அன்டோனினியானஸிலும் அவர் இடம்பெறுகிறார். அந்த நாணய வகையில் பேரரசர் சூரியக் கதிர்முடி அணிந்திருப்பார். பெண்களின் தோளுக்குக் கீழே பிறைநிலா இருக்கும். உங்கள் சலோனினாவிலும் அந்தப் பிறையைக் காணலாம்.

பதில் 2

மேலே எழுதியவரின் அறிவை மதிக்கிறேன். ஆனால் ஆளுக்கு ஒன்று என்ற எண்ணத்தை இவ்வளவு விரைவாகக் கைவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து. வரிசையாகப் பார்க்கும்போதுதான் சில செய்திகள் தெரியவருகின்றன.

கொடுங்கோலர் என்று பெயர் பெற்ற மாக்சிமினஸ் திராக்ஸின் மனைவியைப் பற்றி ரோமானிய வரலாற்றாசிரியர் அம்மியானஸ் எழுதும்போது, கணவரின் சினத்தைத் தணிக்க முயன்றவர் என்று சொல்கிறாரே தவிர அவர் பெயரைச் சொல்வதில்லை. 'டிவா பாலினா' என்ற வாசகமும் மயில் உருவமும் கொண்ட நினைவு நாணயங்களே அந்தப் பெண்ணுக்கு முகத்தைத் தந்தன. அலெக்சாண்டர் செவெரஸின் மனைவி ஒர்பியானாவின் கதையும் அவ்வாறே. 225-இல் திருமணமாகி, மாமியார் ஜூலியா மமேயாவின் பகையால் இரண்டே ஆண்டுகளில் லிபியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர் அவர். வரலாற்றாசிரியர் ஹெரோடியன் இந்நிகழ்ச்சியை விவரிக்கிறார். அப்பெண்ணின் பெயரை எழுதவில்லை. அவருடைய டெனாரியஸின் பின்புறத்தில் பொறித்திருக்கும் சொல் 'கொன்கோர்டியா', அதாவது இணக்கம். அதைக் கையில் வைத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனக்கிறது.

அரிய பெயர்களுக்கு மாற்று வழியும் உண்டு. மூன்றாம் கோர்டியனின் மனைவி டிராங்குயில்லினாவின் ரோமானிய அக்கசாலை (நாணயம் அடிக்கும் கூடம்) நாணயங்கள் அரியவை. ஆனால் கிழக்கு மாகாணங்களின் நகரங்கள் தங்கள் பெயரில் அடித்த செம்பு நாணயங்களில் அவர் பரவலாகக் காணப்படுகிறார். நீரோவின் மனைவி பொப்பேயாவின் உருவம் அலெக்சாண்டிரியாவின் நான்கு டிராக்மா நாணயங்களில் இடம்பெறுகிறது. அவற்றில் ஆட்சியாண்டு கிரேக்க எழுத்துகளில் குறிக்கப்பட்டிருக்கும் என்பதால் காலத்தைக் கணிப்பதும் எளிது. வாசகம் கிரேக்கத்தில் இருப்பது முதலில் தயக்கம் தரும்; சில வாரங்களில் பழகிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். உருவம் நாணயத்தில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். 54-இல் நீரோ அரியணை ஏறியபோது வெளியான பொன், வெள்ளி நாணயங்களில் அவரும் தாய் இளைய அக்ரிப்பினாவும் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்த்தபடி இருக்கிறார்கள். முன்புறத்தைச் சுற்றியிருப்பதோ தாயின் பெயரும் பட்டங்களும். அடுத்த ஆண்டில் இருவரின் முகங்களும் ஒரே திசையை நோக்கி, மகன் முன்னே தாய் பின்னே என்று அமைகின்றன. தாயின் பெயர் பின்புறத்துக்குச் சென்றுவிடுகிறது. அதன்பின் ரோமின் நாணயங்களில் அவர் இல்லை. 59-இல் மகனின் ஆணையால் கொல்லப்பட்டார். அந்த இரு நாணயங்களையும் நானும் படங்களில் மட்டுமே பார்த்திருக்கிறேன். ஆயினும், ஒரு வாசகம் பக்கம் மாறுவது எவ்வளவு பெரிய செய்தி என்பதை எனக்குக் கற்பித்தவை அவைதாம்.

பதில் 3

போலிகளைப் பற்றி மட்டும் சுருக்கமாக எழுதுகிறேன். உண்மை நாணயத்திலிருந்து அச்செடுத்து உருக்கி ஊற்றிய வார்ப்புப் போலிகளில் எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும். பரப்பில் நுண்ணிய குமிழ்க்குழிகள் தெரியும். சில வேளைகளில் விளிம்பில் இணைப்புக் கோடு இருக்கும். உண்மை நாணயங்கள் ஒவ்வொன்றாகச் சம்மட்டியால் அடிக்கப்பட்டவை. ஆகையால் ஒரே வெடிப்பும், ஒரே வெளிவடிவமும், ஒரே மையவிலகலும் கொண்ட இரண்டு நாணயங்களைப் பார்த்தால், குறைந்தது ஒன்றாவது போலி என்று கொள்ளலாம்.

பேரரசியர் நாணயங்களுக்கே உரிய இன்னோர் ஆபத்து, கூந்தல். செஸ்டெர்ஷியஸ் என்ற பெரிய செம்புக் கலவை நாணயங்களில் தேய்ந்துபோன கூந்தல் இழைகளை நுண்ணிய உளியால் மீண்டும் செதுக்கி விற்பவர்கள் உண்டு. நாணயம் உண்மையானதே என்றாலும், நீங்கள் பார்க்கும் கூந்தல் ரோமானியக் கைவேலையாக இராது. முகமும் எழுத்துகளும் தேய்ந்திருக்க, கூந்தல் மட்டும் இழை இழையாகத் தெளிவாக இருந்தால் ஐயப்படுங்கள். இளைய ஃபாஸ்டினாவின் உருவங்களை ஆய்வாளர்கள் கூந்தல் அமைப்பைக் கொண்டே ஒன்பது வகைகளாகப் பிரித்து, அவருடைய பிள்ளைப்பேறுகளோடு தொடர்புபடுத்திக் காலம் கணித்திருக்கிறார்கள். அப்படியிருக்க, கூந்தலைத் திருத்துவது அந்த நாணயத்தின் சான்றையே அழிப்பதாகும்.

எடையும் பாருங்கள். டொம்னா காலத்து டெனாரியஸ் மூன்று கிராமை ஒட்டி நிற்கும். அதில் வெள்ளி ஏறத்தாழப் பாதிதான். சலோனினாவின் பிற்கால அன்டோனினியானஸ்களில் வெள்ளி நூற்றுக்குச் சில பங்குகளே. ஆகவே அவை செம்புநிறமாக இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். வாங்கும்போது முந்தைய உடைமையாளர் பற்றிய ஆவணங்களைக் கேட்டுப் பெறுங்கள். மண்ணிலிருந்து களவாக எடுக்கப்பட்ட நாணயம் தன் இடத்தையும் வரலாற்றையும் இழந்தே நம்மிடம் வருகிறது.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டொம்னா நாணயத்தை உருப்பெருக்கியின் கீழ் மீண்டும் பார்த்தேன். 'டொம்னா' என்ற சொல் அதில் இல்லை. 'ஜூலியா அகஸ்டா' என்றுதான் இருக்கிறது. ஆக, அது இரண்டாம் காலத்தைச் சேர்ந்தது. எடை 3.2 கிராம். பின்புறத்தில் முக்காடிட்ட பெண் ஒருவர் பலிபீடத்தின் முன் நின்று சாம்பிராணி தூவுகிறார். வாசகம் 'பியெடாஸ்', அதையடுத்து 'ஏ, வி, ஜி, ஜி'. 'ஜி' இரண்டு முறை வருவது அச்சு செதுக்கியவரின் பிழையா?

முதலில் டொம்னாவின் மற்ற இரு காலங்களையும் தேடுவதாக இருக்கிறேன். ஒர்பியானாவையும் மறக்கப் போவதில்லை.

பதில் 1 எழுதியவர் மீண்டும்

பிழையன்று. லத்தீனில் சுருக்கத்தின் கடைசி எழுத்தை இரட்டித்தால் பன்மை. 'ஏ, வி, ஜி' என்றால் ஓர் அகஸ்டஸ், அதாவது அப்பட்டம் தாங்கிய ஒரு பேரரசர். 'ஜி' இரண்டு என்றால் இரண்டு அகஸ்டஸ்கள். அங்கே குறிக்கப்படுவது பேரரசர்கள் இருவரின் பற்றுறுதி. கரகல்லா தந்தையோடு இணைந்து அகஸ்டஸ் ஆனது 198-இல். தம்பி கெட்டாவும் அப்பட்டம் பெற்று மூவரானது 209-இல். ஆகவே, 196 முதல் 211 வரை என்று இருந்த உங்கள் நாணயத்தின் காலத்தை, பெரும்பாலும் 198-க்கும் 209-க்கும் இடைப்பட்டது என்று இன்னும் சுருக்கிக் குறித்துக்கொள்ளலாம்.