குசினித் தொட்டிக்குள் கால் வைத்து எழுதும் பெட்டை: தொடர்ந்து வாசிக்கலாமா?

நல்லூர்க்காரி:
சுன்னாகத்தில் பழைய பள்ளிப் புத்தகங்களோடு சேர்த்துக் கட்டியிருந்ததில் அகப்பட்டது, ஆங்கில எழுத்தாளர் டோடி ஸ்மித் 1948இல் வெளியிட்ட ‘ஐ கப்சர் த காஸில்’ என்ற நாவல். 17 வயது கசன்ட்ரா குசினிக்குள் இருந்து டயறி எழுதுகிறாள். ஆள் பாத்திரம் வடிய வைக்கும் பலகையில், கால் இரண்டும் தொட்டிக்குள், ஏனென்றால் கடைசி வெளிச்சம் அங்கேதான் மிச்சம். இடிந்த கோட்டையில் வாடகைக்கு இருக்கிறார்கள், கையில் காசில்லை, தகப்பன் பேர்போன புத்தகம் ஒன்று எழுதிவிட்டு இப்போது துப்பறியும் கதை வாசித்துக்கொண்டு கிடக்கிறார். 70 பக்கம் தாண்டியும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நேற்றுக் கரண்ட் போனதும் போன் டோர்ச்சில் வாசித்தேன், அதுதான் எனக்கே விளங்கவில்லை. கடைசி வரை இப்படித்தானா? மற்றது, ஆறு பென்ஸ் கொப்பி, ஷில்லிங் கொப்பி, இரண்டு கினி கொப்பி என்று மூன்றாகப் பிரித்திருக்கிறதே, என்ன கணக்கு? வரிக்கு வரி அகராதி பார்த்தே களைத்துப்போனேன்.

கிணற்றடி:
தங்கச்சி, முதலில் அகராதியை மூடுங்கோ. அவள் 1930களின் சஃபோக் கிராமத்துப் பிள்ளை, சில சாமான்களின் பேர் தெரியாவிட்டாலும் கதை ஓடும். அந்தக் காலத்து இங்கிலாந்துக் காசில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 21 ஷில்லிங் ஒரு கினி. அப்படியென்றால் கடைசிக் கொப்பியின் விலைக்கு முதல் கொப்பியில் 84 வாங்கலாம்! எங்கள் கணக்கில், 80 பக்கக் கொப்பியில் தொடங்கியவள் தோல் மட்டை போட்ட டயறியில் முடிக்கிறாள். வீட்டு நிலைமை எப்படி மாறுகிறது என்பது அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. வீட்டில் உள்ளதையெல்லாம் பச்சைச் சாயத்தில் தோய்க்கிற இடம் வந்துவிட்டதா? வராவிட்டால் இன்றைக்கே வாசியுங்கோ, அதற்குப் பிறகு கீழே வைக்கமாட்டீர்கள்.

வேலியோரம்:
எனக்கு அந்தக் கோட்டை புதிதாகவே தெரியவில்லை. எங்கள் பெரியம்மாவின் நாற்சார் வீடு அதேதான். முன்னால் தூண் எல்லாம் எழுப்பமாக நிற்கும், உள்ளே மாரிக்கு நாலு இடத்தில் சட்டி வைத்திருப்போம், ஆட்கள் வந்தால் நல்ல கோப்பை இரண்டுதான் இருக்கிறது என்று நாங்கள் “தேத்தண்ணி இப்பதான் குடித்தனாங்கள்” என்போம். இல்லாமையை வெளியில் காட்டாமல் இருப்பதற்கே எவ்வளவு மினக்கெட வேண்டும் என்று எழுதியது எனக்கு உண்மையில் பிடித்தது. காதல் பகுதி கொஞ்சம் இழுவை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மொட்டைப்பனை:
எல்லாரும் புகழுகிறீர்கள், சரி. ஸ்டீபனைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே? செத்துப்போன வேலைக்காரியின் மகன், சம்பளமில்லாமல் அந்த வீட்டில் வேலை செய்கிறான், பிறகு பண்ணையில் உழைக்கிற காசையும் கொண்டுவந்து கொடுக்கிறான், இவர்கள் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அவன் வேறு ஆட்களின் கவிதையைப் பார்த்து எழுதித் தன்னுடையது என்று கொடுக்கிறது கசன்ட்ராவுக்கும் தெரியும். நல்ல பிள்ளைதான் அவள், ஆனால் அந்த வீட்டின் ஏழ்மைக்கும் அவனுடைய ஏழ்மைக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்கு முழுதாகப் பிடிபடவேயில்லை. அந்த இடங்களில் எனக்குக் கோபம்தான் வந்தது.

கோண்டாவிலான்:
நான் கனடாவில். ஒரு விசயம் சேர்க்கிறேன்: யுத்தகாலத்தில் கலிபோர்னியாவில் இருந்துகொண்டு, இங்கிலாந்தை நினைத்து ஏங்கி ஏங்கித்தான் ஸ்மித் இதை எழுதினார். அவருடைய கணவர் போருக்குப் போக மறுத்த கொள்கைக்காரர், அதனால் அங்கேயே இருந்தார்கள். அந்த ஏக்கத்தில்தான் மழை, குசினி, ரொட்டி எல்லாவற்றிலும் அவ்வளவு நேரம் நிற்கிறார். ஊரில் இருந்தபோது எங்கள் கிணற்றுக் கப்பி என்ன சத்தம் போடும் என்று யாரும் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திராது, இப்போது கண்ணை மூடினால் அதுதான் கேட்கிறது.

நல்லூர்க்காரி:
பச்சைச் சாயம் வந்துவிட்டது! அவள் குளித்துக்கொண்டிருக்கும்போதா முன்பின் தெரியாத ஆட்கள் வர வேண்டும்? சிரித்த சிரிப்பில் அம்மா எழும்பி வந்துவிட்டார். ஸ்டீபன் விசயம் சொன்ன அண்ணை, முதல் பக்கங்களைத் திரும்பப் பார்த்தேன், நீங்கள் சொன்னது சரி. தகப்பன் திரும்ப எழுதுவாரா இல்லையா என்று மட்டும் ஒருவரும் சொல்லிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.