வாயால் சொன்ன வேலைக்குப் பணம் வாங்கப் போன கதை

நான் வாட்டர்புரூஃபிங் சப்கான்ட்ராக்டர். சிங்கப்பூர் துவாஸில் ஒரு கிடங்கு வேலை, கொட்டேஷனில் இரண்டு பக்கமும் கையெழுத்து, அதில் தகராறே வரவில்லை. வந்தது கூடுதல் வேலையில். "செஞ்சிடுங்க அண்ணே, வேரியேஷன் போட்டுக்கலாம்" (கூடுதல் வேலையாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்) என்று புராஜெக்ட் மேனேஜர் சொல்லச் சொல்ல, பாதி வாட்ஸ்அப்பிலும் மீதி போனிலுமாக, 18,000 வெள்ளிக்கு (டாலர்)ச் செய்து முடித்தேன். அப்புறம் அந்த மேனேஜர் தம்பி வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் பேப்பர் கேட்டார். மேலே கேட்டால், "கிடங்கு ஓனர் கொடுத்தால்தான் நாங்கள் கொடுக்க முடியும்." எட்டு மாதம் அதை நம்பினேன்!

தேக்கா கோப்பிக்கடையில் ஒரு நண்பர்தான் சொன்னார், 2004இல் வந்த கட்டுமானப் பணம் செலுத்தல் சட்டப்படி அந்த 'வந்தால் தருகிறோம்' ஷரத்து செல்லாது, ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று. அந்தச் சட்டப்படி பேமென்ட் கிளெய்ம், அதாவது எழுத்தில் பணம் கேட்கும் கோரிக்கை, அனுப்பினேன். பதில் தரும் கெடு ஒப்பந்தத்தில் இல்லையென்றால் 14 நாள். அவர்கள் வாய் திறக்கவில்லை. அதன்பிறகு 7 நாள் பொறுத்து, அடுத்த 7 நாளுக்குள் நடுவர் ஒருவர் முடிவு சொல்லும்படி சிங்கப்பூர் மீடியேஷன் சென்டரில் விண்ணப்பிக்க வேண்டும். நான் 'பார்க்கலாம்' என்று இருந்து அதைக் கோட்டைவிட்டேன். நல்லவேளை, வராத பணத்தை மறுபடியும் கேட்க முடியும், மாதக் கடைசியில் புதுக் கிளெய்ம் போட்டேன். இந்த முறை விண்ணப்பம் தயாராக இருப்பது தெரிந்ததும் கூப்பிட்டுப் பேசினார்கள். வாட்ஸ்அப்பில் எழுத்தாக இருந்த 13,000 வந்தது. போனில் சொன்னதற்குக் காட்ட என்னிடம் எதுவுமில்லை, விட்டுவிட்டேன்.

பதில்: அண்ணன் சொல்வது பெரிய சைட்டுக்கு. நான் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ரெனோவேஷன் செய்கிறேன். கட்டட அனுமதி தேவைப்படாத வீட்டு வேலைக்கு அந்தச் சட்டம் கிடையாது. அடுக்களைக் கேபினட் பாக்கி 6,500 வெள்ளிக்கு ஸ்மால் கிளெய்ம்ஸ் (சிறு தொகை வழக்குத் தீர்ப்பாயம்) போனேன், அங்கே 20,000 வரை, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000 வரை கேட்கலாம், 2 வருடத்துக்குள் போக வேண்டும். வீட்டுக்கார அம்மா "நான் வெள்ளை கேட்டேன், இவர் கிரீம் போட்டார்" என்றார். கலர் கோடு கொட்டேஷனில் இருந்தது, கீழே அவர் கையெழுத்தும்.

பதில்: நான் இப்போது ட்ரிப்ளிகேட் புத்தகம் (மூன்று நகல் விழும் ரசீதுப் புத்தகம்) வைத்திருக்கிறேன், கூடுதல் வேலை என்றால் அங்கேயே எழுதிக் கையெழுத்துக்கு நீட்டிவிடுவேன். சைட் சூப்பர்வைசர் என்னைக் கண்டாலே டாய்லெட் பக்கம் ஒதுங்குகிறார்.