கொச்சிக்கா (மிளகாய்) இலை ஓரம் கருகுது, கிணத்துத் தண்ணியா மண்ணா பிழை?

நாவற்குடா புள்ள:
அண்ணாமார் அக்காமார் ஆருக்கும் தெரிஞ்சா சொல்லுங்க. எங்கட வளவு 8 பேர்ச், வீடு கிணறு கக்கூஸ் குழி எல்லாம் போக பின்னுக்கு 12 அடிக்கு 20 அடி துண்டு ஒண்டுதான் மிச்சம், அதிலயும் பாதி மதில் நிழல். எல்லாம் கடல் மணல், ஊத்துற தண்ணி ஊத்தின கையோட கீழ போயிரும், அதால நிலத்தில நடாம பழைய அரிசி பேக் 20ல சிவத்த மண்ணும் தும்புத்தூளும் (தேங்கா மட்டை அடிக்கக்குள்ள வாற தூள்) பாதிக்குப் பாதி கலந்து கொஞ்சம் மாட்டெருவும் போட்டு கொச்சிக்கா, தக்காளி, கத்தரி, பயித்தங்காய் வெச்சன். தை மாசம் நட்டது. ரெண்டு கிழமை நல்லா நிண்டிச்சு, பிறகு கொச்சிக்கா இலை நுனியும் ஓரமும் தீயில வாட்டின மாதிரி கருகத் தொடங்கிட்டு. பேக் ஓரத்தில வெள்ளையா மா மாதிரி படிஞ்சிரிக்கு. பயித்தங்காய் மட்டும் எனக்கென்ன எண்டு கொடி ஏறிப் போகுது. கடையில கேட்டா பசளை காணாது எண்டாங்க, யூரியா போட்டன், இன்னும் மோசம். கிணறு லேசா உவர்தான், ஆனா வாழையும் முருங்கையும் அதைக் குடிச்சுத்தானே நிக்கிது?

ஆரையம்பதி அக்கா:
தங்கச்சி முதல்ல யூரியாவ நிப்பாட்டுங்க, அதுவும் கூடினா உப்பு மாதிரித்தான் வேர வாட்டும், ஏற்கனவே உப்பில தவிக்கிற மரத்துக்கு அதையும் போட்டா என்ன செய்யும். நீங்க சொல்றது உப்பு ஏறின அடையாளம். பூச்சி எண்டா இலை சுருளும், இப்பிடி ஓரம் மட்டும் காயாது. முருங்கையப் பாத்து ஏமாறாதீங்க, அது கொஞ்சம் உவரத் தாங்கும், கொச்சிக்கா தாங்காது, போஞ்சி வெங்காயம் கரட் அதைவிட மோசம்.

இன்னொண்டு, தண்ணிக்கு மோட்டர் போடுறீங்களா? எங்கட மட்டக்களப்புக் கடக்கரைப் பக்கம் மழைத்தண்ணி மணலுக்குள்ள இறங்கி கீழ கிடக்கிற உவர்த்தண்ணிக்கு மேல மிதந்து நிக்கிது, அவ்வளவுதான். மோட்டரால ஒரேயடியா இழுத்தா நல்ல தண்ணி முடிஞ்சு உவர் மேல ஏறும். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கட கிணத்த இறைச்சாச் சரி வரும் எண்டு இறைச்சு இறைச்சுப் பாத்தம், இறைக்க இறைக்க உவர் கூடிச்சு, கடைசியா மாரி மழைதான் கழுவிச்சு. வாளியால விடிய கொஞ்சம் பின்னேரம் கொஞ்சம் அள்ளுங்க.

மருதமுனை நானா:
அக்கா சொல்றது சரி, ஆனா எனக்கு ஒரு டவுட். தை மாசம் எண்டா மாரி மழை விழுந்து கிணறு ரொம்பி நிக்கிற நேரம், வருசத்தில தண்ணி நல்லா இருக்கிறது அப்பதான், உவர் ஏறுறது சித்திரை வைகாசி கச்சான் காத்து காஞ்சு அடிக்கக்குள்ள. அப்ப ரெண்டே கிழமையில எப்பிடிக் கருகும்? நான் நினைக்கிறன் பிழை பேக்குக்குள்ளதான் கிடக்கு. தும்புத்தூள் எங்க வாங்கின? வாவியில மட்டை ஊறப்போட்டு அடிக்கிற இடத்துத் தூள் எண்டா அதில உப்பு நிறைய இரிக்கும். நானும் ஒருக்கா கழுவாமப் போட்டு 30 கத்தரிக் கண்டு போச்சு, வீட்டில இண்டைக்கும் சொல்லிக் காட்டுறாங்க.

மிச்சத் தூள் இருந்தா ஒரு பிடி எடுத்து ஒரு கப் பைப் தண்ணியில ராவைக்கு ஊறப்போட்டு விடிய நாக்கில தொட்டுப் பாருங்க, தெரிஞ்சிரும்.

கிணத்தடி:
எல்லாரும் உப்பு உப்பு எண்டுறீங்க, பேக்குக்கு அடியில ஓட்டை இரிக்கா எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. தண்ணி வழிஞ்சு போகாட்டி வெயிலுக்கு வெறும் தண்ணி மட்டும் ஆவியாப் போகும், உப்பு உள்ளுக்கே தங்கும், அந்த வெள்ளை மா அதுதான். மத்தது பைப் தண்ணி (உன்னிச்சைக் குளத்துத் தண்ணிதானே) ஊத்தலாம், குளோரினுக்குப் பயம் எண்டா ஒரு ராத்திரி வாளியில வெச்சிட்டு ஊத்துங்க. பில் கூடும்தான், ஆனா 20 பேக்குக்கு எவ்வளவு வரப்போகுது. அரிசி கழுவின தண்ணிய சும்மா ஊத்தாம அதையும் எடுங்க.

நாவற்குடா புள்ள:
நானா சொன்ன மாதிரி ஊறப்போட்டன். வாயில வெச்சதும் துப்பிட்டன், கடல் தண்ணி மாதிரி!! கிணத்துத் தண்ணி அதோட பாத்தா ஒண்டுமே இல்ல. ஓட்டை ரெண்டு பக்கத்தில ஒவ்வொண்டுதான் போட்டிருந்தன், அடியில இல்ல. அறியாமத்தான் அக்கா செஞ்ச. இப்ப இதுகள் தப்புமா, புடுங்கி எறியவா?

மருதமுனை நானா:
எறியாதீங்க. அடியில கம்பியால ஆறேழு ஓட்டை குத்துங்க, பைப் தண்ணி ஊத்தி வழிய விடுங்க, அரை மணித்தியாலம் விட்டுத் திரும்ப ஊத்துங்க, மூணு நாலு தரம். அதுக்குப் பிறகு ஒரு கிழமை பசளை ஒண்டும் வேணாம். கருகின இலை திரும்பப் பச்சையாகாது, அதைப் பாத்து மனம் உடையாம புதுத் துளிரப் பாருங்க, துளிர் சுத்தமா வந்தா தப்பிட்டு. மிச்சத் தூள சாக்கில கட்டி பெரிய வாளியில ஊறவெச்சு மூணு நாளைக்குத் தண்ணி மாத்திட்டு வாய்க்கு உப்புத் தெரியாட்டி எடுங்க.

ஆரையம்பதி அக்கா:
நானாட மூளைக்கு நான் தோத்துட்டன். ஆனா தங்கச்சி, வைகாசியில கிணறும் உவராகும் எண்டத மறந்திராதீங்க, அதுக்குள்ள கொச்சிக்கா தக்காளி பறிச்சு முடிக்கப் பாருங்க. கச்சானுக்கு எங்கட வளவில நிக்கிறது பயித்தங்காயும் பசளியும் கீரையும்தான், அதுவும் மத்தியானத்தில நிழல் கட்டினாத்தான். கிணத்துக்குப் பக்கத்து வாழைக்கு ரெண்டு அடிக் கிடங்கு வெட்டி தேங்கா உரிமட்டைய வாய்ப்பக்கம் மேல பாக்க அடுக்கி மண் போடுங்க, பஞ்சு மாதிரி தண்ணியப் புடிச்சு வெச்சிருக்கும். அந்த மட்டை வாவியில ஊறினது இல்லாமப் பாத்துக்குங்க!

கிணத்தடி:
தண்ணியில உப்பு எவ்வளவு எண்டு அளந்து பாக்கோணும் எண்டா கமநல சேவை நிலையத்தில விவசாயப் போதனாசிரியரக் கேட்டுப் பாருங்க, இல்லாட்டி 1920க்கு அடிங்க, விவசாயத் திணைக்களத்திட நம்பர்.

நாவற்குடா புள்ள:
ஓட்டை குத்தி நாலு தரம் கழுவிட்டன், முதல் வழிஞ்ச தண்ணி தேத்தண்ணி நிறம். 20ல 3 கொச்சிக்கா செத்திட்டு, மத்ததுக்கு இன்னும் ஒண்டும் சொல்ல ஏலா. அக்கா பசளிக்கொடி ஒரு தண்டு தருவீங்களா, ஞாயிறு அங்கால வாறன்.

ஆரையம்பதி அக்கா:
வாங்க, ஒரு பேக்கும் கொண்டு வாங்க, அகத்திக் கண்டும் நிக்கிது.