ஆம்னி வேனின் பின்விளக்கை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி (குளச்சல்): கடற்கரையோரம் நிற்கும் எங்கள் ஆம்னியின் இடப்புறப் பின்விளக்கு மங்கலாக எரிகிறது, பிரேக்கை மிதித்தாலும் வெளிச்சம் கூடவில்லை. மூடியிலும் விரிசல் விழுந்துவிட்டதால் முழு விளக்கையும் நானே மாற்ற விரும்புகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் (மார்த்தாண்டம்): அண்ணாச்சி, முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். 12 வோல்ட், 21/5 வாட் (பிரேக்குக்கு 21, பின்விளக்குக்கு 5) இரட்டை இழை பல்பு வாங்குங்கள். அதன் பக்கவாட்டு முனைகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது என்பதால், ஹோல்டரின் பள்ளத்தைப் பார்த்து, மெதுவாக அழுத்தித் திருப்ப வேண்டும். வலிந்து திணிக்கக் கூடாது.

பதில் (நாகர்கோவில்): அதைவிட முக்கியமானது எர்த் இணைப்பு, அதாவது விளக்கின் மின்சாரம் வண்டியின் உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. உப்புக்காற்றில் ஹோல்டரின் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறி, எர்த் திருகும் துருப்பிடித்திருந்தால், புதிய விளக்கும் மங்கலாகவே எரியும். இரண்டையும் உப்புத்தாளால் பளபளவெனத் தேய்த்துவிட்டு, இரு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் தண்ணீர் புகாதபடி ரப்பர் வாஷரைச் சரியாகப் பதித்துத் திருகுங்கள்.