கார்பன் பேனலுக்குள் சென்சாரா வெச்சு ஆட்டோகிளேவுக்குள் (அழுத்தத்தோடு சூடாக்குற அடுப்பு) போன ஆப்டிகல் ஃபைபர் உயிரோடு வந்ததா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கண்ணாடிமுடி:
16 ப்ளை (அடுக்கு) கார்பன் பேனல், எட்டாவதுக்கு அடியில் நாலு எஃப்பிஜி (ஃபைபருக்குள்ளேயே எழுதின கிரேட்டிங் சென்சார்; இழுபட்டாலோ சூடானாலோ அது திருப்புற ஒளியோட அலைநீளம் நகரும்). 180 டிகிரி, 7 பார். திறந்து பார்த்தா நாலும் பேசுது! அந்தச் சந்தோஷத்தில் போன் பேச வெளியே போனேன். திரும்பி வந்தா வைரச் சக்கரம் ஓடிட்டு இருக்கு. ஓரத்தில் நீட்டிட்டிருந்த நாலு ஃபைபர் வாலையும் ரெசின் பிசிறோடு சேர்த்துச் சீவியாச்சு. தரையில் மினுக்மினுக்குனு கிடக்குது. ட்ரிம் பண்ணினவர்மேல் தப்பில்லை, டிராயிங்கில் ஃபைபர் பத்தி ஒரு வரி கிடையாது. எழுதாதது நான்தான்.

ரெட்டைச்சிகரம்:
எனக்கு வெட்டுப்படலை. ஆனா பேனல் ஆற ஆற, திரையில் கிரேட்டிங்கோட ஒற்றைச் சிகரம் மெல்லச் சப்பையாகி ரெண்டாப் பிரிஞ்சது. பக்கவாட்டு அழுத்தம். எதைப் பிடிக்கிறதுன்னு சிகரத்தைப் படிக்கிற கருவியான இன்டராகேட்டருக்கே குழப்பம், ஸ்ட்ரெயின் (நீட்சி) அளவு தவளை மாதிரித் தாவுது.

அடுக்குமாமா:
@கண்ணாடிமுடி, 16-ல் எட்டாவதுக்கு அடின்னா அது சரியா நடு. வளைச்சா அங்கே ஸ்ட்ரெயின் பூஜ்யம். வால் இருந்திருந்தாலும் என்னத்தை அளந்திருப்பீங்க? என் கதை சின்னது, ஸ்ப்ளைஸ் பண்ணும்போதே (ரெண்டு ஃபைபர் நுனியை உருக்கி ஒட்டுறப்போ) உடைஞ்சது. இனிமே செய்யறவங்க கேட்டுக்குங்க. கார்பன் இழை ஓடுற திசையிலேயே ஃபைபரைப் போடுங்க. ஃபைபர் 125 மைக்ரான், ப்ளையும் ஏறக்குறைய அதே தடிமன். குறுக்கே போட்டா ரெண்டு பக்கமும் கண் வடிவத்தில் ரெசின் தேங்கும், விரிசல் அங்கேதான் தொடங்கும். சாதாரண அக்ரிலேட் பூச்சு அந்தச் சூட்டுக்குத் தாங்காது, பாலிஇமைடு வாங்குங்க. வெளியே வர்ற இடத்தில் டெஃப்லான் குழாய் போட்டு வாயை அடைங்க, இல்லேன்னா ரெசின் ஏறி ஃபைபர் மொறுக்குனு போயிடும். சூட்டை மட்டும் பார்க்க, ஸ்ட்ரெயின் படாத கிரேட்டிங் ஒண்ணு தனியா வேணும். 1550 நானோமீட்டரில் ஒரு டிகிரி ஏறினாலே சுமார் 10 பிக்கோமீட்டர் நகரும், அதை எட்டு மைக்ரோஸ்ட்ரெயின்னு (ஒண்ணுன்னா நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீட்சி) நம்பிடுவீங்க.

கண்ணாடிமுடி:
வளைக்கப்போறேன்னு யார் சொன்னது மாமா? இழுவைச் சோதனை அது.

ஊமையடி:
பேனல்மேல் ஒரு எடைக்கட்டியை விழவிட்டுப் பார்த்தோம். மேலே நகக்கீறல்கூட இல்லை. ஒரே ஒரு கிரேட்டிங் மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. "சென்சார் கோளாறு, விடுப்பா"ன்னாங்க. எனக்கு மனசு ஒப்பலை, கெஞ்சி சி-ஸ்கேன் (அல்ட்ராசவுண்டில் உள்ளே பார்க்கிறது) எடுக்க வெச்சேன். உள்ளே ப்ளைகள் உள்ளங்கை அகலத்துக்குப் பிரிஞ்சு கிடக்கு. அறிக்கையில் என்ன எழுதினாங்க தெரியுமா? "சி-ஸ்கேனில் கண்டறியப்பட்டது."